பனியூர்திப் பட்டையும் நம் பிள்ளைகளின் கைகளும்



வெயிலையும் மழையையும் தவிர வேறு பருவம் அறியாத இந்நாட்டில், தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் பனியில் ஓடும் ஊர்தியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். "நம் பிள்ளைகளுக்கும் பனிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். பனிக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லைதான். ஆனால், வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, இதை இன்னும் விரைவாக ஓடச் செய்ய முடியாதா என்று துருதுருக்கும் கைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் மிக நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தக் கைகளை நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி. பனியூர்தியின் இரப்பர்ப் பட்டையை அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

ஸ்னோமொபைல் என்று அழைக்கப்படும் இவ்வூர்தியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள்; பின்புறம் முடிவில்லாமல் சுழலும் ஓர் அகன்ற இரப்பர்ப் பட்டை; மேலே மோட்டார் சைக்கிளில் அமர்வதைப் போன்ற இருக்கை. நம் ஊர் மண்வாரி இயந்திரத்தின் இரும்புச் சங்கிலிக்குப் பதிலாக இரப்பரைப் பூட்டியது போல என்று சொன்னால் விளங்கும். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. சாலை மூடிக் கிடக்கும் மாதங்களில் பல சிற்றூர்களுக்கு இதுதான் போக்குவரத்து. அங்குள்ளோர் குளிர்காலம் தொடங்குமுன் வண்டிக் கொட்டகையில் இதைத் தூக்கி நிறுத்தி, பட்டையில் முள் பதிப்பதும், மேடுகளைச் செதுக்குவதும், துளையிடுவதும் வழக்கம். தந்தையும் மகனும் சேர்ந்து செய்யும் வேலை அது.

இவ்வூர்தியின் பிறப்பே அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில்தான் நிகழ்ந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வல்கூர் என்று ஒரு சிற்றூர். 1907-இல் அங்கே பிறந்த யோசப் அர்மான் பொம்பார்டியே சிறுவயதிலேயே கையில் கிடைத்த இயந்திரத்தையெல்லாம் பிரித்துப் பார்ப்பவன். குடும்ப மகிழுந்தில் கைவைத்துவிடப் போகிறானே என்று கவலைப்பட்ட தந்தை, பழைய ஃபோர்டு வண்டி ஒன்றின் இயந்திரத்தை அவனிடம் கொடுத்து, இதில் வேண்டியதைச் செய்துகொள் என்று விட்டுவிட்டார். 1922 டிசம்பர் 31-ஆம் நாள், பதினைந்தே வயதான அச்சிறுவன் அந்த இயந்திரத்தைப் பனிச்சறுக்கு வண்டியொன்றின் மேல் ஏற்றி, பின்னால் விமானத்துக்கு உள்ளது போன்ற மரச் சுழலியைப் பொருத்தி, முன்னால் தன் தம்பியை அமர்த்தித் திசை திருப்பச் சொல்லி, ஊர்த்தெருவில் ஓட்டிக் காட்டினான். ஊரே வாய்பிளந்து பார்த்ததாம்.

இனித்தான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. ஓடி முடித்ததும் தந்தை என்ன சொன்னார்? வண்டியைப் பிரித்துவிடு என்றார். மூடியில்லாமல் சுழலும் அந்த மரச் சுழலி யார் கையை, யார் தலையைக் கொய்யும் என்று யாருக்குத் தெரியும்? மகன் பணிந்தான், வண்டி பிரிக்கப்பட்டது. இக்கதையைச் சொல்வோர் பலர், மேதையின் முதல் படைப்பைத் தந்தை கலைத்துவிட்டாரே என்று வருந்துவது போலச் சொல்வர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இயந்திரத்தைக் கொடுத்ததும் அவரே, சுழலியைக் கழற்றச் சொன்னதும் அவரே. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே அக்கறையிலிருந்து வந்தவை. மகன் ஓட்டிப் பார்க்கும்வரை அவர் தடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதன் பிறகும் மகனின் கைகளை அவர் கட்டிப் போடவில்லை. 1926-இல், பத்தொன்பது வயதில், தந்தையின் உதவியோடு மகன் அதே ஊரில் சொந்தப் பட்டறை திறந்தார்.

திறந்த சுழலி ஆபத்தானது என்றால், பனியில் வண்டியைத் தள்ள வேறு வழி வேண்டும். அந்த வழியைத் தேடித்தான் அவர் பட்டைக்கு வந்து சேர்ந்தார். இடையில் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஊர்தி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில், இரப்பர் போர்த்திய பற்சக்கரத்தையும் பருத்தித் துணியும் இரப்பரும் சேர்த்துச் செய்த பட்டையையும் உருவாக்கி 1937-இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் வண்டி அதில் ஓடியது. பின்னர் பன்னிரண்டு பேர் அமரும் வண்டி வந்தது. 1959-இல் வெளிவந்த சிறிய 'ஸ்கி டூ' வண்டிதான் இன்றைய பனியூர்திகளுக்கு வழிகாட்டியது. அதில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக வார்க்கப்பட்ட இரப்பர்ப் பட்டையை உருவாக்கியதில் அவருடைய மூத்த மகன் செர்மேனுக்குப் பங்குண்டு.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசோ என்னும் சிற்றூரிலும் இதே கதைதான். பின்னாளில் போலாரிஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தார் 1950-களின் நடுவில் தங்கள் முதல் பனியூர்தியைச் செய்தபோது, தானியம் ஏற்றும் இயந்திரத்தின் பட்டையை எடுத்துப் பூட்டினர். பழைய செவ்ரலே மகிழுந்தின் முன்தடுப்பை வளைத்துச் சறுக்குக் கட்டை ஆக்கினர். கையில் இருந்ததைக் கொண்டு செய்த வேலை.

சரி, அந்தப் பட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? இரப்பரைப் பற்றி நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டியரின் விடியற்காலைகளெல்லாம் அந்தப் பாலுக்கே போயின. ஆனால், வெறும் இரப்பர் இவ்வேலைக்கு ஆகாது, இழுத்தால் நீண்டுவிடும். ஆகவே உள்ளே வலிமையான நூலிழைகளை நெய்து வைக்கின்றனர். குறுக்கே கண்ணாடியிழைக் கம்பிகளைப் பதிக்கின்றனர். அக்கம்பிகள் இல்லையேல் பட்டை அகலவாட்டில் துணி போல மடிந்துவிடும். வெளிப்புறத்தில் துடுப்புகள் போன்ற இரப்பர் மேடுகள் வரிசையாக நிற்கின்றன. பனியைப் பற்றித் தள்ளுவன அவையே. பொதுப்பாதையில் ஓடும் வண்டியில் இத்துடுப்பின் உயரம் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை இருக்கும். மலைச்சரிவின் ஆழ்பனியில் ஏறும் வண்டியில் மூன்று அங்குலம்கூட இருக்கும். நீளமும் அப்படியே. 121 அங்குலச் சுற்றளவுள்ள பட்டை திருப்பங்களில் சுறுசுறுப்பாக வளையும். 163 அங்குலப் பட்டை பஞ்சு போன்ற பனியில் புதையாமல் மிதக்கும். ஆனால் வளைவில் முரண்டு பிடிக்கும்.

பார்த்தீர்களா? முதல் வரியிலேயே பட்டை நமக்குப் பாடம் சொல்லிவிட்டது. எல்லா இடத்துக்கும் சிறந்த பட்டை என்று ஒன்று இல்லை. 'எந்தப் பனியில்?' என்று கேட்காமல் 'எது சிறந்தது?' என்று கேட்பவனுக்கு விடையும் இல்லை. ஆழ்பனிக்கென்று உயர்ந்த துடுப்புள்ள பட்டையை வாங்கி, பனி குறைந்த கெட்டிப் பாதையில் விரைந்து ஓட்டினால், அத்துடுப்புகள் வளைந்து வளைந்து சூடேறிக் கடைசியில் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும்.

இனி, கொட்டகையில் நடக்கும் வேலைகளுக்கு வருவோம். மிகப் பரவலானது முள் பதிப்பது. உறைந்த ஏரியின் மேலும், பனிக்கட்டி படர்ந்த பாதையிலும் இரப்பர் வழுக்கும். ஆகவே பட்டையில் துளையிட்டு, நுனியில் கார்பைடு பொருத்திய உலோக முட்களை மரையிட்டு இறுக்குவர். ஒரு பட்டையில் 96 முள், 144 முள் என்று கணக்கு வைத்திருக்கின்றனர். முள்ளின் நுனி துடுப்பின் உச்சியைவிட ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும் என்பது பட்டறிவு. எல்லா முட்களையும் ஒரே நேர்க்கோட்டில் பதித்தால் முன்சென்ற முள் கீறிய தடத்திலேயே பின்வரும் முள்ளும் விழும், பிடிமானம் இராது. ஆதலால், ஒவ்வொரு முள்ளும் தனக்கெனப் புதிய கோடு கீறும்படி இடம்மாற்றி, அட்டையில் வரைபடம் வெட்டி வைத்துக்கொண்டு துளையிடுவர். குறுக்கே ஓடும் கண்ணாடியிழைக் கம்பியில் துளை விழுந்துவிடக் கூடாது. இது முழுக்க முழுக்க வடிவியல். நம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைச் செய்யச் சொன்னால் மகிழ்ந்து செய்வான்.

முள் பதித்தால் பிடிமானம் கூடுகிறது. வண்டி நிற்கும் தூரம் குறைகிறது. நன்மைதான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். முள், மரை, அடித்தட்டு எல்லாம் சேர்ந்து பட்டையின் எடை ஏறிவிடுகிறது. பட்டைக்கு மேலே, வண்டிக் கூட்டின் உட்புறத்தில்தான் இயந்திரத்தைக் குளிர்விக்கும் வெப்பமாற்றிகள் இருக்கின்றன. தடுப்புப் பட்டிகள் பொருத்தாமல் விட்டால் முட்கள் அவற்றைக் கிழித்துவிடும். பின்பக்கம் அவ்வளவு அழுத்தமாகப் பற்றும்போது, முன்பக்கச் சறுக்குக் கட்டைகளின் அடியிலும் அதற்கேற்ற கார்பைடு கம்பிகள் வேண்டும். இல்லையென்றால், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாமல் நேரே போய் மரத்தில் முட்டும். முள்ளைத் தாங்கும் வலிமை எல்லாப் பட்டைகளுக்கும் கிடையாது. இவையெல்லாம் வண்டிக்கு. ஊருக்கு வரும் கேடு தனி. முட்கள் தார்ச்சாலையை உழுதுவிடுவதால், மினசோட்டாவில் தார் போட்ட பொதுத் தடங்களில் முள் வைத்த வண்டிகளுக்குச் சில விலக்குகள் நீங்கலாகத் தடை உண்டு.

இரண்டாவது வேலை, இதற்கு நேர்மாறானது. புல்தரையிலும் தார்த்தரையிலும் நேர்க்கோட்டில் பந்தயம் விடுவோர் துடுப்புகளைச் செதுக்கித் தாழ்த்துவர். சிலர் பட்டையில் கூடுதல் துளைகளும் வெட்டுவர். எடையைக் குறைப்பதே நோக்கம். வண்டியில் வேறு இடமே இல்லாதது போல் ஏன் பட்டையின் எடையைக் குறைக்கப் பாடுபடுகின்றனர்? இதில் அழகான அறிவியல் ஒன்று உள்ளது. இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இதைத் தயங்காமல் வகுப்பில் பயன்படுத்தலாம்.

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்காமல் ஓடுகிறது என்று கொள்வோம். பட்டையின் அடிப்பகுதி பனியைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. அதன் வேகம் சுழியம். மேற்பகுதியோ, வண்டியின் வேகத்தோடு பட்டையின் வேகமும் சேர, மணிக்கு 120 கிலோமீட்டரில் முன்னோக்கிப் பறக்கிறது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. பட்டையில் பாதிக்கு ஒன்றுமில்லை, மறுபாதிக்கு நான்கு மடங்கு என்றால், மொத்தத்தில் பட்டைக்கு இரண்டு மடங்கு. அதாவது, இருக்கையின் கீழே உள்ள ஒரு கிலோவை ஓடச் செய்யத் தேவைப்படும் ஆற்றலைப் போல இருமடங்கு ஆற்றலைப் பட்டையில் உள்ள ஒரு கிலோ விழுங்குகிறது. பட்டையில் ஒரு கிலோ குறைத்தவன் உடலில் இரண்டு கிலோ குறைத்தவனுக்கு ஒப்பு. கொட்டகையில் கத்தியோடு அமர்ந்திருக்கும் அந்த மனிதர் இக்கணக்கைப் போட்டிருக்கவும் மாட்டார். ஆனால் அவர் கை அதை அறிந்திருக்கிறது.

இங்கும் மறுபக்கம் உண்டு. செதுக்கிய துடுப்பு மீண்டும் வளராது. பந்தயத் தரையில் வென்ற அதே பட்டை, ஒரு முழம் பனியில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குழி தோண்டும். அளவின்றித் துளையிட்ட பட்டை என்றைக்கு, எந்த வேகத்தில் கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிழிந்த பட்டையோ தெறித்த முள்ளோ பின்னால் நிற்பவர்மேல் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். அதனால்தான், வண்டியைத் தாங்கியில் ஏற்றிப் பட்டையைச் சுழற்றும்போது பின்புறத்தில் எவரும் நிற்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை வேலை. அதில் வெட்டுவதும் இல்லை, துளையிடுவதும் இல்லை. பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பதுதான். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டையின் அடிப்பகுதியின் நடுவில், கையேட்டில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். மிகத் தொய்ந்தால் பற்சக்கரத்தில் பட்டை பல் தவறிக் குதிக்கும். மிக இறுக்கினால் இயந்திரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி வெறும் உராய்வாக வீணாகும், பட்டையின் உலோகக் கவ்விகள் உரசிச் செல்லும் நெகிழிப் பட்டி தேய்ந்துவிடும், உருள்தாங்கிகளும் கெடும். அடுத்து, இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துப் பின் அச்சின் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். நெகிழிப் பட்டிக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது பட்டை அள்ளிவரும் பனித்தூள்தான். ஆகையால், கெட்டிப் பனியில் ஓடும்போது கீறிக்கொண்டே வரும் கம்பி ஒன்றைப் பொருத்திப் பனியைத் தூளாக்கி உள்ளே தெளிக்கச் செய்வர். இவ்வளவுதான். இவற்றில் காசு செலவு மிகக் குறைவு. பொறுமையும் அளவுகோலும் இருந்தால் போதும். புதிய பாகம் வாங்கிப் பூட்டியவனைக் காட்டிலும், இருக்கின்ற பட்டையைச் சரியான இறுக்கத்தில் வைத்தவன் முந்திச் செல்வதும் உண்டு. ஆனால், நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இளைஞர்கள் இதைக் கடைசியாகச் செய்கின்றனர்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பனியில்லாத நம் நாட்டிலும் இதே கைகள் இதே வேலையைச் செய்கின்றன. பாசிக்கால் லாஜாக் என்று பையன்கள் அழைக்கும் மாற்றியமைத்த மிதிவண்டிகளைத்தான் சொல்கிறேன். இருக்கையைத் தாழ்த்தி, கைப்பிடியை மாற்றி, வேண்டாத எடையென்று கண்டதையெல்லாம் கழற்றி, நிறுத்தியையும் கழற்றி, இருக்கையின் மேல் நெஞ்சை வைத்து மீன் போல நீண்டு படுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்குவார்கள். 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் இத்தகைய மிதிவண்டிகளில் சென்ற பிள்ளைகளின் கூட்டத்தில் மகிழுந்து ஒன்று மோதி, எட்டுச் சிறுவர்கள் மாண்டனர். ஆண்டுக்கணக்கில் நீண்ட அவ்வழக்கைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. ஆசிரியனாகிய என் வேலை வேறு.

அச்சிறுவர்களைப் போன்ற பையன்களை நாம் அறிவோம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார்கள். பின்னத்தை வகுக்கச் சொன்னால் விழிப்பார்கள். ஆனால், பின்சக்கரத்தில் எத்தனை பல் இருந்தால் எவ்வளவு வேகம் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்! காற்றின் எதிர்ப்பு என்ற சொல்லை அறியாமலேயே உடலைத் தாழ்த்தக் கற்றிருக்கிறார்கள். எடையைக் குறைத்தால் முடுக்கம் கூடும் என்று கண்டிருக்கிறார்கள். நாம் பாடநூலில் நடத்தத் தவிக்கும் கருத்துகளை அவர்கள் சாலையில் நடத்திக் காட்டுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். வல்கூர்ச் சிறுவனின் தந்தை எழுப்பிய கேள்வி: இம்மாற்றத்தால் எது போயிற்று? நிறுத்தியைக் கழற்றியவன் கூடிய வேகத்தை எண்ணினான். நிற்க இயலாமையை எண்ணவில்லை. எண்ணும்படி அவனுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

ஏன் கற்றுக்கொடுக்கவில்லை? ஏனெனில், நம் வீடுகளில் 'கை வைக்காதே' என்ற ஒரே சொல்லோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. பழுதான மின்விசிறியைப் பையன் திறந்தால் அடி விழும். அவன் மறைவாகச் செய்யக் கற்கிறான். மறைவாகச் செய்யப்படும் மாற்றத்தை யார் சரிபார்ப்பது? பொம்பார்டியேயின் தந்தையால் சுழலியைக் கழற்றச் சொல்ல முடிந்தது ஏன் என்றால், வண்டி அவர் கண்ணெதிரே ஓடியது. இயந்திரத்தை அவரே கொடுத்திருந்தார். கொடுத்தவருக்குத்தான் நிறுத்தச் சொல்லும் தகுதியும் வரும். ஒன்றையும் கொடுக்காமல் தடுக்க மட்டும் செய்பவரின் சொல் பிள்ளையின் செவியில் ஏறாது. பெற்றோர் இவ்விடத்தில் என்மேல் சினம் கொள்ளலாம். "ஆசிரியருக்கென்ன, எளிதாக எழுதிவிட்டார்; கை போனால் எங்கள் பிள்ளைக்குத்தானே?" என்பது நியாயமான கேள்வியே. மின்சாரம், பெட்ரோல், கூரிய வாள் ஆகியவற்றைப் பிள்ளையிடம் தனியே விடச் சொல்லவில்லை. பக்கத்தில் அமருங்கள் என்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்.

பள்ளியின் பங்கும் குறைவன்று. அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனனம் செய்ய வைக்கிறோம். தேர்வுத் தாளில் மாணவன் சரியாக எழுதிவிடுகிறான். ஆனால் அறிவியல் விழா என்று வந்துவிட்டால் மேசைமேல் நிற்பவை என்ன? வண்ணத்தாள் ஒட்டிய, விளக்கு எரிகின்ற, பெற்றோர் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த படைப்புகள். அவற்றில் பாதி கடையில் வாங்கிய பெட்டிகள். மாணவன் நின்று ஒப்பிக்கிறான். நடுவர் தலையசைக்கிறார். "முதலில் எப்படிச் செய்தாய்? அது ஏன் வேலை செய்யவில்லை? இதை மாற்றியதால் வேறு எது கெட்டது?" என்று கேட்கும் நடுவர்கள் அரியர். கேட்டாலும் பிள்ளையிடம் விடை இருக்காது; ஏனெனில் அவன் கையில் எதுவும் உடைந்ததே இல்லை. முதலில் செய்து தோற்றுப்போன துண்டையும் மேசைமேல் வைத்தால்தான் புள்ளி என்று ஒரு விதி செய்து பார்த்தால் என்ன? பளபளப்பு குறையும். பிள்ளைகளின் பேச்சு கூடும்.

பனியூர்தி நமக்குக் கிட்டாது. ஆனால் அதன் பட்டையைப் பற்றிய அத்தனை கேள்விகளையும் எழுப்பக்கூடிய ஒரு சிறு வண்டியை இருபது காசுச் செலவில் செய்யலாம். நம்மில் மூத்தவர்கள் சிறுவயதில் செய்திருப்பீர்கள். நூல் தீர்ந்துபோன மரக்கண்டு ஒன்று. அதன் துளையினூடே ஓர் இரப்பர் வளையம். ஒரு பக்கம் அதைப் பிடித்து நிறுத்த ஒரு தீக்குச்சித் துண்டு. மறுபக்கம் மெழுகுவத்தியிலிருந்து வெட்டி நடுவே துளையிட்ட ஒரு வில்லை. அதையடுத்து நீண்ட ஒரு குச்சி. குச்சியைச் சுற்றி இரப்பரை முறுக்கித் தரையில் விட்டால் கண்டு தானே ஊர்ந்து செல்லும். மரக்கண்டு கிடைக்காவிட்டால் நெகிழிக் கண்டும் ஆகும்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் இரண்டு வாரம் இதற்கு ஒதுக்கலாம். முதல் வாரம் எல்லோரும் ஒரே மாதிரியாகச் செய்யட்டும். மேசைமேல் எவ்வளவு தூரம், மணல் பரப்பிய தட்டில் எவ்வளவு தூரம், புத்தகம் அடுக்கிச் சாய்த்த பலகையில் எவ்வளவு உயரம் என்று மூன்று தரையிலும் அளந்து எழுதட்டும். முறுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். ஒரு குழு கண்டின் விளிம்பில் பல் பல்லாக வெட்டலாம். ஆசிரியர் அருகில் நின்று வெட்டித் தரலாம். ஒரு குழு விளிம்பைச் சுற்றி இரப்பர் வளையம் மாட்டலாம். ஒரு குழு இரப்பரை இரட்டிப்பாக்கலாம். ஒரு குழு குச்சியை நீட்டலாம். பிறகு மீண்டும் அதே மூன்று தரைகள். தாளில் இரண்டு பத்திகள் இருக்க வேண்டும்: எந்தத் தரையில் எவ்வளவு கூடியது, எந்தத் தரையில் எவ்வளவு குறைந்தது. இரண்டாம் பத்தியை வெற்றாக விட்ட குழுவை மீண்டும் அளக்க அனுப்புங்கள். நேரம் மிஞ்சினால், நன்றாக ஓடும் வண்டியிலிருந்து மெழுகு வில்லையை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.